நிமிர்ந்தவர்களுக்கு அட்டை இல்லை

மூத்த குடிமக்களின் மூட்டு, முதுகு, இடுப்பு ஆகியவற்றில் வயதின் காரணமாகத் தோன்றும் வலிகளை ஆராய்ந்து, அளந்து, அட்டை வழங்கும் பொருட்டு நிறுவப்பட்ட அந்த அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. ஆனால் அட்டை உள்ளவர்கள் மட்டுமே அதில் ஏறலாம். அட்டை கேட்டு வருகிறவர்கள் படியேறித்தான் வர வேண்டும். இதில் எந்தக் கோளாறும் இருப்பதாக அலுவலகத்துக்குத் தகவல் இல்லை. ஏற முடியாதவர்களால் புகார் கொடுக்க மேலே வர முடியவில்லை. ஏறி வந்தவர்களுக்குப் புகார் சொல்ல மூச்சு இல்லை.

அங்கே தலைமை எழுத்தராக இருந்தவளை எல்லோரும் ஸ்கேல் அம்மா என்றார்கள். முகத்துக்கு நேரே வெறும் அம்மா. ஸ்கேல் என்பது அவள் தலை மறைந்த பிறகு சேர்ந்துகொள்ளும். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அங்கே யாராவது கூன் போட்டு உட்கார்ந்தால் சிஸ்டர் பின்னால் வந்து நிஜ ஸ்கேலாலேயே முதுகில் ஒன்று வைப்பார். அதனால் வேலையில் சேர்ந்த நாள் முதல் நட்ட கம்பம் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் என்று இருக்கையில் அந்த முதுகே அவள் காலை வாரிவிட்டது.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. முதல் அடி வைக்கும்போது அடி இடுப்பில் யாரோ திருகாணியை ஒரு சுற்று முறுக்கினார்கள். பல் தேய்க்கக் குனிந்தால் நிமிர்வதற்கு வாஷ்பேசினின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. தெருமுனை டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தேய்மானம்மா. வயசு. தேஞ்சது திரும்ப வளராது. ஆனா சமாளிக்கலாம். ரொம்ப நேரம் உட்காராதீங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கொஞ்சம் நடங்க. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தர்ற பயிற்சியை விடாம பண்ணுங்க. கனம் தூக்காதீங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. தாங்கலைன்னா மட்டும் மாத்திரை, அதுவும் சாப்பிட்டுட்டு."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதான். ஏன், போதலையா?"

போதவே போதாது என்றார் வீட்டுக்காரர். அவர் ஓய்வு பெற்று ஹாலில் சாய்ந்தபடி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரி, செல்போன்.

"இந்த டாக்டர் பழைய காலத்து ஆளு. இங்க பாரு, இவருக்குத் தொண்ணூறு வயசு. மரத்துல ஏர்றார்."

"ஏறட்டும். இறங்கினாரா?"

"அது அடுத்த வீடியோ."

அந்த அடுத்த வீடியோ வருவதற்குள் அவர் ஒரு காந்தப் பாய் வாங்கிவிட்டார். அதில் படுத்தால் முதுகிலுள்ள வலியை அப்படியே கீழே உறிஞ்சிவிடுமாம். ஒரு மாதத்தில் அது உறிஞ்சியது மூன்று ஹேர்பின், ஒரு ஊக்கு, காணாமல் போன கத்தரிக்கோல். வலி எவர்சில்வர் போலிருக்கிறது, ஒட்டவில்லை.

ஸ்கேல் அம்மா டாக்டர் சொன்னதையே செய்தாள். அலுவலகத்தில் அரை மணிக்கொரு முறை எழுந்து, தன் மேசையிலிருந்து நீண்ட நடைவழியில் பதிவறையைத் தாண்டி, தண்ணீர் ஃபில்டர் வரை போய்த் திரும்புவாள். காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை. நாற்காலியில் சுருட்டி வைத்த ஒரு துண்டு. அவ்வளவுதான் வைத்தியம். வலி காலி செய்துகொண்டு போய்விடவில்லை. ஆனால் ஒழுங்கான குடித்தனக்காரரைப் போல ஒரு மூலையில் சத்தம் போடாமல் இருந்தது. சாயங்காலம் பஸ் படியில் தன் காலாலேயே ஏறினாள். இந்த நடை ஒன்று இருந்தால் ஓய்வு பெறும் நாள்வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அப்போதுதான், ஓய்வுக்கு முந்தைய கடைசி மாறுதலில், புது அதிகாரி வந்தார்.

நேர்மையானவர், சுறுசுறுப்பானவர், விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவர். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. வந்த அன்றே நடைவழியில் அவளை மறித்தார்.

"எங்கே போறீங்க?"

"எங்கேயும் போகலை சார். நடக்கறேன்."

"எங்கேயும் போகாம எப்படி நடக்கறீங்க?"

"ஃபில்டர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துடுவேன் சார்."

"தண்ணி குடிக்கவா?"

"இல்லை சார்."

"திரும்பி வரத்தான் போறீங்கன்னா, போகவே வேண்டாமே?"

அவள் நின்றாள்.

"தண்ணி குடிக்கப் போகலாம். பாத்ரூம் போகலாம். பதிவறைக்குப் போகலாம். ஒரு இடத்துக்குப் போறதுக்கு விதி இருக்கு. எங்கேயும் போகாததுக்கு விதி இல்லையேம்மா! எழுதிக் குடுங்க. பரிசீலனை பண்ணலாம்."

பரிசீலனை நடந்த நாட்களில் ஸ்கேல் அம்மா அசையாமல் உட்கார்ந்தாள். சாயங்காலம் நாற்காலியை விட்டு எழுந்தபோது நாற்காலியின் வடிவத்திலேயே எழுந்தாள். பஸ் படியில் கால் தூக்க முடியாமல் நிற்க, "சீக்கிரம் ஏறும்மா, போட்டோவா எடுக்கறாங்க?" என்று கண்டக்டர் விரட்டினார். வீட்டில் வீட்டுக்காரர் பாயைத் தட்டிப் போட்டு, ஹேர்பின்னை நகர்த்தி இடம் கொடுத்தார்.

ஒரு நாள் அதிகாரி அழைத்தார். மேசைமேல் அவள் மனுவும் டாக்டர் சீட்டும் இருந்தன.

"தேய்மானம்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"தேய்மானம் மேசைக்கு உண்டு, நாற்காலிக்கு உண்டு, ஃபேனுக்கு உண்டு. ஊழியருக்குத் தேய்மானம் கிடையாது. பதவி உயர்வுதான்."

"வயசுனால வந்தது சார்."

"அதைச் சொல்லுங்க. வயசு உங்க சொந்த விஷயம். வெளியிலேருந்து நீங்க கொண்டு வந்ததுக்கெல்லாம் ஆபீஸ் எப்படிப் பொறுப்பாகும்?"

இங்கேதான் அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "வெளியிலேருந்து கொண்டு வரலை சார். நான் இங்க வேலைக்குச் சேரும்போது தலையில ஒத்தை நரை கிடையாது. ஓடி வந்து படியேறுவேன். வயசானதெல்லாம் இங்கதான். அதோ, அந்த நாற்காலியில உட்கார்ந்துதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். முன்பே சொன்னேனே, நேர்மையானவர். ஒரு நியாயத்தைக் கண்டால் விடமாட்டார், அளந்து பார்த்துவிடுவார்.

"ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இங்க இருக்கீங்க. இல்லையா?"

"ஆமா சார்."

"மீதி நேரம் வீட்டுல. தூங்கும்போதும் வயசாகுமில்ல?"

"ஆகும் சார்."

"அப்ப மூணுல ஒரு பங்குதான் ஆபீஸ் வயசு. மத்த ரெண்டு பங்குக்கு உங்க வீட்டுக்காரரைத்தான் கேட்கணும்."

மறுநாள் ஆணை வந்தது. 'தாங்கள் கோரியுள்ள எழுந்து நிற்றல், நடத்தல், மீண்டும் அமர்தல் ஆகிய மூவகைச் செயல்களுள், இவ்வலுவலகத்தின் பொறுப்பில் ஏற்பட்ட வயதின் விகிதப்படி மூன்றில் ஒன்றாகிய எழுந்து நிற்றல் மட்டும் கனிவுடன் அனுமதிக்கப்படுகிறது. எஞ்சிய இரண்டையும் தங்கள் இல்லத்தில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.'

ஆணையை அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்து நிற்கலாம். நடக்கக் கூடாது. மீண்டும் உட்காரவும் கூடாது. ஆகவே காலையில் ஒரு தடவை எழுந்தவள் சாயங்காலம் வரை நின்றாள். நின்றபடியே குனிந்து எழுதினாள்.

அடுத்த மேசைக்காரிக்குப் பொறுக்கவில்லை. "உட்காருங்கக்கா. யார் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேனே."

"ஐயோ, உங்களைப் படிக்க வெச்சாங்களா, வார்த்து எடுத்தாங்களா?"

இந்த நிலையில்தான் முதுகெலும்பு ஆலோசகர் அலுவலகத்துக்குள் வந்தார். ஊழியர் நலனுக்காக மேலிடம் அமர்த்தியவர். வயதில் சிறியவர், இன்னும் முதுகு வலித்தறியாதவர். ஆகவே அதைப் பற்றித் தெளிவாகப் பேசக்கூடியவர். மணிக்கட்டில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தார். அது மணி காட்டாது. அவர் எத்தனை நேரம் உட்கார்ந்தார் என்று அவரைக் கண்டித்துக் குர்ரென்று அதிரும். நின்றபடி எழுதிக்கொண்டிருந்த ஸ்கேல் அம்மாவைக் கண்டதும் அவர் கண்கள் பனித்தன.

"மேடம், பிரமாதம்! எந்த முறையை ஃபாலோ பண்றீங்க?"

"ஆணை முறை."

"உட்காரவே மாட்டீங்களா?"

"உட்கார்ந்தா மெமோ வரும்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவர் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என்று படம் எடுத்தார். மறுவாரம், உட்கார்வதன் தீமைகள் குறித்து ஊழியர் அனைவருக்கும் ஒரு சொற்பொழிவு நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தொடங்கி அலுவலகம் மூடும்வரை எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். உட்கார்வது புகையை இழுப்பதற்குச் சமம் என்று ஆலோசகர் சொன்னபோது புகை பிடிக்கும் இரண்டு பேர் ஆறுதலடைந்தார்கள். ஏற்கெனவே ஒரு கெட்ட பழக்கம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வெளியே போய்விட்டார்கள்.

சொற்பொழிவின் முடிவில் 'நின்று வெல்வோம்' இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே நாளில் நாற்காலிகள் அத்தனையும் வெளியேறின. வெளியேறி எங்கே போகும்? நடைவழிக்குத்தான். பதிவறை முதல் ஃபில்டர் வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். ஸ்கேல் அம்மா நடந்த பாதையில் இப்போது ஒரு எலி நடக்க வேண்டுமென்றாலும் குனிய வேண்டும். அதிகாரியின் அறையில் மட்டும் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்வதன் தீமையை ஊழியர்கள் கண்ணால் கண்டு தெளியும் பொருட்டு, அதில் அவரே தினமும் உட்கார்ந்து காட்டினார்.

ஒரு சிறு இடைஞ்சல் வந்தது. மேசைகள் உட்கார்ந்து எழுதும் உயரத்தில் இருந்தன. நின்று எழுதும் மேசைக்கு ஒப்புதல் வர நாளாகும். எல்லோரும் நெல் நாற்று நடுகிறவர்கள் மாதிரி குனிந்து கோப்பு பார்த்தார்கள். ஆலோசகர் யோசித்து, மேசைக் கால்களுக்குக் கீழே முட்டுக்கொடுக்கச் சொன்னார். கனமாக, தட்டையாக, யாருக்கும் இப்போதைக்குத் தேவைப்படாததாக எது இருக்கிறது? நிலுவை விண்ணப்பங்கள். முதியவர்களின் மூட்டு அட்டை விண்ணப்பக் கட்டுகள் காலுக்கு நாலாக உள்ளே போயின. மேசைகள் கம்பீரமாக உயர்ந்தன. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் விண்ணப்பங்களுக்கு மேல் அவ்வளவு வேலை நடந்ததே இல்லை.

மறுநாள் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் படியேறி வந்தார். இரண்டு முழங்காலும் போனவர். ஒவ்வொரு படியிலும் நின்று அதைக் கட்டியவனின் பரம்பரையை விசாரித்துக்கொண்டே ஏறுவார். அடுத்த மேசைக்காரியிடம் வந்து நின்றார்.

"அம்மாடி, என் விண்ணப்பம் எங்க இருக்கு?"

"இருக்கு பெரியவரே. பத்திரமா இருக்கு. இந்த மேசையோட இடது முன்னங்காலுக்கு அடியில."

"எடுத்துப் பாரேன்."

"எடுத்தா மேசை ஆடும்."

"நான் ஆடறேனேம்மா, அது பரவாயில்லையா?"

"நீங்க ஆடினா கையெழுத்து கோணாது. மேசை ஆடினா கோணும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சுகளும் போயிருந்தன, மூத்தவர்களை மட்டும் உட்காரும் அபாயத்தில் விட்டுவைக்க அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. "நாற்பது வருஷம் நடந்து கடுதாசி குடுத்தவன்யா நான்," என்றார் பொதுவாக. "ஒரு கடுதாசியையும் காலுக்கடியில போட்டு நின்னதில்லை."

இரண்டு மாதத்தில் 'நின்று வெல்வோம்' வென்றுவிட்டது. அலுவலகத்தில் முதுகு வலிக்காதவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த மேசைக்காரிக்குக் குதிகால். பதிவறைக்காரருக்குத் தொடை நரம்பு. புகை பிடிக்கும் இருவருக்கும் பிடிக்காத இடமே இல்லை. மதிய நேரத்தில் வலி நிவாரணத் தைலத்தின் வாசனை கண்ணைக் கரித்தது. எல்லோரும் ஸ்கேல் அம்மாவை முறைத்தார்கள். "உங்களைப் பார்த்துத்தானேக்கா அவன் ஆரம்பிச்சான்!"

அவளுக்கோ முறைக்கக்கூடத் திரும்ப முடியவில்லை. திரும்பினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு இயக்கம் வேண்டாம். நடக்க விடுங்க. பழையபடி கொஞ்சம் நடந்தா போதும்."

ஆலோசகர் உடனிருந்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "நடை! சார், இப்ப எல்லா இடத்துலயும் நின்னு வேலை பார்க்கறது போயிடுச்சு. நடைதான். நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவள் கேட்டது ஒருவழியாக ஆணையாகவே வந்தது. 'அரை மணிக்கொரு முறை மணி ஒலிக்கும். ஒலித்ததும் ஊழியர் அனைவரும் நடைவழியில் ஃபில்டர் வரை நடந்து திரும்புதல் கட்டாயம்.' நாற்காலிகளை நடைவழியிலிருந்து எடுத்து லிஃப்டுக்குள் அடுக்கினார்கள். அட்டை இருந்தவர்களும் அதன்பின் படியேறினார்கள். இப்படியாக இரு சாராருக்கும் இடையிலிருந்த வேற்றுமை நீங்கியது.

அன்று காலை ஸ்கேல் அம்மா தலையைப் பின்னி, தட்டைச் செருப்பு போட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் மாதிரி வந்தாள். மணி அடித்தது. நடைவழி குறுகல், ஆட்கள் நிறைய. யார் முன்னால், யார் பின்னால் என்று தகராறு வந்தது. பணி மூப்புப்படி வரிசை என்று அதிகாரி தீர்த்து வைத்தார். மூத்தவரை இளையவர் முந்துவது ஒழுங்கீனம். முதலில் அதிகாரி. அவருக்குப் பின்னால் தலைமை எழுத்தர். அதிகாரி நாலடி வைத்ததும் போன் வந்தது. நின்றார். பின்னால் மொத்த அலுவலகமும் நின்றது. அவர் பேசி முடிப்பதற்குள் நடை நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் கேட்ட நடை, அவள் கண்ணெதிரே, அதிகாரியின் சட்டை முதுகாக நின்றது.

ஆனால் வேறொரு பக்கத்தில் வேறொன்று நடந்தது. மணி அடித்தால் மேசைகள் காலி. முதலில் முதியவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு தபால்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வரிசையின் வால்பகுதியோடு சேர்ந்துவிட்டார்.

"நட நட அம்மாடி. நடந்துகிட்டே சொல்லு. என் விண்ணப்பம் இன்னும் அதே காலுக்கடியிலதானா?"

"வலது காலுக்கு மாத்தியாச்சு பெரியவரே."

"முன்னேற்றம்தான்."

அவரைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்தார்கள். வரிசையின் தலை போனில் நின்றாலும் வால் நிற்கவில்லை. தள்ளாடி, முனகி, சுவரைப் பிடித்து, எழுத்தர்களைத் துரத்திக்கொண்டு நடந்தார்கள். தினமும் படியேறினார்கள், அரை மணிக்கொரு முறை நடந்தார்கள், கத்திப் பேசியதில் மூச்சும் விரிந்தது. மழைக்காலம் வந்துபோவதற்குள் பாதிப் பேர் தடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். தபால்காரர் படிக்கட்டில் இப்போதும் திட்டினார். ஆனால் நிற்காமல் திட்டினார். மூட்டு அட்டை வழங்காததன் மூலமாகவே மூட்டுகளைச் சீராக்கிய ஒரே அலுவலகம் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் செய்தி மேலிடத்தை எட்டியது. ஆய்வுக் குழு வந்து, நடைவழியோரம் நின்று, நிமிர்ந்த நடையோடு போய்வரும் விண்ணப்பதாரர்களை ஒரு மத்தியானம் முழுக்கக் கவனித்தது. பிறகு கண்டுபிடிப்பை வெளியிட்டது: 'வலியைச் சமாளிப்பவர்களுக்கு வலி இருப்பதாகக் கருத இயலாது.'

கடைசியில் விண்ணப்பங்கள் மேசைக் கால்களுக்கு அடியிலிருந்து விடுதலையாயின. ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, படித்துப் பார்த்து, நிராகரிக்கப்பட்டன. மேசைகள் தாழ்ந்தன. லிஃப்டிலிருந்து நாற்காலிகள் இறங்கி வந்தன. ஆலோசகரின் ஒப்பந்தமும் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நின்றபோதும் நடந்தபோதும் உட்கார்ந்தபோதும் வேலை ஒரே வேகத்தில்தான் நடந்திருக்கிறது என்பதைப் பாராட்டி மேலிடம் ஒரு சான்றிதழ் அனுப்பியது.

அந்த மாதமே ஸ்கேல் அம்மா ஓய்வு பெற்றாள். இந்த அலுவலகத்தின் முதுகெலும்பு என்று அதிகாரி அவளைப் புகழ்ந்து பேசினார். அவரை யாரும் கேலியாகப் பார்க்கவில்லை. அவரும் கேலியாகச் சொல்லவில்லை.

வீட்டில் நடக்க இடம் இல்லை. ஹாலின் குறுக்கே காந்தப் பாயும் அதன்மேல் வீட்டுக்காரரும் கிடந்தார்கள். பிசியோதெரபிக்கு அரசு மருத்துவமனையில் நல்ல ஏற்பாடு உண்டு. வாரா வாரம் கைபிடித்துச் சொல்லித் தருவார்கள், மூட்டு அட்டை இருந்தால். வெளியே பணம் கொடுத்துச் செய்துகொள்ள ஓய்வூதியம் இடம் கொடுக்காது. ஆகவே ஒரு காலை அவள் மூன்று மாடி ஏறி, தன் பழைய மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் விண்ணப்பத்தோடு நின்றாள். அந்தப் பக்கத்தில் இப்போது அடுத்த மேசைக்காரி.

"அக்கா, வாங்க, வாங்க! என்னக்கா இது... இப்படி நிமிர்ந்து நிக்கறீங்களே."

"நான் எப்பவும் இப்படித்தானே நிப்பேன்."

"அது எனக்குத் தெரியும்க்கா. நீங்க மாத்திரை முழுங்கினதையும் பார்த்திருக்கேன். ஆனா நிமிர்ந்தவங்களுக்கு அட்டை இல்லைன்னு ஆணை. நீங்கதானே அதை டைப் பண்ணினீங்க."

அதிகாரியே வெளியே வந்தார். அவருக்கும் வருத்தம்தான். "உங்களுக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பார்த்தா தெரியணுமே."

படியிறங்கும்போது பின்னாலிருந்து தபால்காரர் கூப்பிட்டார். நிராகரிக்கப்பட்டவர்தான், ஆனால் சட்டைப்பையில் பளபளவென்று அட்டை எட்டிப் பார்த்தது.

"உங்களுக்கு எப்படி அய்யா கிடைச்சுது?"

"படிச்சேன்மா. அந்த கடிகாரப் பையன் இல்ல, அவன்தான் சாயங்காலம் வகுப்பு எடுக்கறான். முதுமைத் தோற்றப் பயிற்சி. இப்ப ஊரே அங்கதான் இருக்கு."

"நடிக்கச் சொல்றீங்களா?"

"யார் சொன்னா நடிப்புன்னு? வலி நிஜம். அதைப் பார்க்கறவங்களுக்குப் புரியற மாதிரி வெச்சுக்கணும், அவ்வளவுதான். காலையில பார்க்குல நிமிர்ந்து நடக்கறோம், உடம்புக்காக. இங்க கீழ்ப்படிக்கு வந்ததும் வளைஞ்சுக்கறோம், அட்டைக்காக. உடம்பையும் பார்க்கணும், ஆபீசையும் பார்க்கணுமில்ல?"

அவள் மாட்டேன் என்றாள். ஒரு வாரம் மாட்டேன் என்றாள். வீட்டுக்காரர் போனில் 'சரியாகக் கூன் விழுவது எப்படி' என்று தேடிப் பார்த்து, அதற்கும் தொண்ணூறு வயசுக்காரர் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். அடுத்த நாள் காலையில் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் வகுப்பில் சேர்ந்தாள்.

முதலில் முதுகு வளைய மறுத்தது. ஆலோசகர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு இடுப்பு. ஒரே மூச்சில் வளைந்தால் வணக்கம் சொல்வது மாதிரி இருக்கும். கை இடுப்புக்குத் தானாகப் போக வேண்டும். தேடிப் போகக் கூடாது. முனகல் ஒன்றே ஒன்று, அதுவும் கேள்விக்குப் பதில் சொல்லும் முன்னால். ஸ்கேல் அம்மா எதையும் அரைகுறையாகப் படித்தவள் இல்லை. வகுப்பிலேயே முதல் மாணவியாகத் தேறினாள்.

அட்டை வழங்கும் நாளன்று ஹால் நிரம்பி வழிந்தது. தன் மாணவர்களுக்குத் துணையாக ஆலோசகரும் வந்து ஓரமாக நின்றார். அவள் கதவைத் தாண்டி உள்ளே வந்தபோதே பேச்சு அடங்கிவிட்டது. கழுத்து, தோள், இடுப்பு. மேசையருகே வந்து நிற்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பின்வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த மேசைக்காரியே ஒரு கணம் நம்பிவிட்டு, "ஐயோ அக்கா!" என்றாள். அதிகாரி முழுத் திருப்தியோடு முத்திரை வைத்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. வலிக்குதா?"

ஒரு முனகல். "வலிக்குது சார்."

"பார்த்தாலே தெரியுது," என்றார் அதிகாரி, கனிவோடு. அட்டையை நீட்டியபோது அவர் கையிலிருந்த பேனா மூடி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"அம்மா!" என்று ஒரு சத்தம். ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்தது. இன்னொரு கை காற்றில் எதையோ துழாவியது. "பிடிச்சுக்கிச்சு... முதுகு... ஐயோ, யாராவது..."

தபால்காரர்தான் முதலில் பேசினார். "அடுத்த மாசம் இவரும் ரிட்டையர் ஆறாரில்ல? இப்பவே ஆரம்பிச்சுட்டார் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர் முன்னால் வந்து, ஆசிரியருக்குரிய அக்கறையோடு சுற்றி வந்து பார்த்தார்.

"ஆர்வம் இருக்கு சார். ஆனா கொஞ்சம் அதிகமா பண்றீங்க. இவ்வளவு கத்தக் கூடாது. வாயையும் அப்படிக் கோணக் கூடாது. நிஜ வலிக்காரங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க."

"நிஜமாவே வலிக்குதய்யா!" என்றார் அதிகாரி, தரையைப் பார்த்தபடி.

"அதை எல்லாரும்தான் சொல்றாங்க சார்."

ஹால் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. புதிதாகக் கற்க வந்தவரை உற்சாகப்படுத்துவது அந்தக் கூட்டத்தின் பண்பு. ஸ்கேல் அம்மா அவருடைய வளைவை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்துக்கு முன்பே இடுப்பு வளைந்துவிட்டது. கை இடுப்பைக் கண்டுபிடிக்கவே இல்லை. அவள் வகுப்பில் இதற்குத் தேர்ச்சி மதிப்பெண்கூடக் கிடைக்காது. இருந்தாலும், பாவம், முதல் தடவை என்று அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் கைதட்டினாள்.